ஹீட்டர் எதுக்கு சார்?

"நம்ம ஊர்ல ஹீட்டர் எதுக்கு சார்?" கீழே எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்தக் கேள்விதான். தர்மபுரி சித்திரை வெயிலில் நின்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். மார்கழி மாதம் விடியற்காலை நாலு மணிக்கு சித்தேரியிலிருந்து அரூருக்கு வண்டியில் இறங்கியவன் இப்படிக் கேட்கமாட்டான்.

போன மார்கழியில் நான் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி. அந்நேரம் கைக்குக் கிடைத்தது என் பழைய டாடா சுமோதான். ஏழு பேர் ஏறி ஜன்னல்களை மூடினோம். எங்கள் மூச்சுக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, முன்னால் வேட்டியைக் காயப்போட்டது போல வெள்ளையாகிவிட்டது. ஓட்டின தம்பி துண்டால் துடைத்தான். அடுத்த வளைவுக்குள் மறுபடி மூடியது. ஜன்னலைத் திறந்தால் உள்ளே அந்தப் பெண் நடுங்கினாள். கடைசியில் தலையை வெளியே நீட்டிக்கொண்டேதான் மலையிறங்கினான். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்காகப் பட்டறைக்காரர் பெருமைப்பட வேண்டாம்.

அதற்கு முந்தைய வருஷம் முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிவரும் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும். ஃபேன் அந்தச் சூட்டைக் கண்ணாடிக்கும் காலுக்கும் தள்ளும். மாற்ற வேண்டுமானால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும்; ஒரு நாள் வேலை. மெக்கானிக் என்ன செய்தார்? இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, கிளாம்ப் போட்டு, "முடிஞ்சது சார்" என்றார். கால் மணி நேரம். நானும் காசு மிச்சம் என்று தலையாட்டினேன். என் பங்கு தப்பை மறைப்பானேன்?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இதற்கு 'சிஸ்தெம் தே' என்பார்கள். இருப்பதை வைத்து எப்படியாவது ஒப்பேற்றுவது. வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது போதும். ஆபத்துக்குச் செய்ததையே நிரந்தரமாக விட்டுவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இன்னொன்றையும் இவர்கள் சொல்வதில்லை. மலையேறும்போது இன்ஜின் சூடு முள் மேலே போனால், ஹீட்டரை முழுசாகத் திறந்து ஃபேனைப் போட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாக வெளியேறும். நமக்கு வியர்க்கும், இன்ஜின் பிழைக்கும். அதை வெட்டிவிட்டால் அந்த உதவியும் போச்சு. "ஏசி போட்டால் போதாதா?" என்கிறார்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், சரி. என் வண்டியில் ஏசி கிடையாது. மலையில் ஓடும் பழைய வண்டிகளில் எத்தனையில் ஏசி வேலை செய்கிறது?

கோர் கெட்டுப்போவதற்கும் பாதிக் காரணம் நாம்தான். கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். நம் மாவட்டத்துத் தண்ணீர் குடத்தின் அடியிலேயே வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. அந்த மெல்லிய குழாய்களை விட்டுவைக்குமா? போதாததற்கு, ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுகிற வைத்தியம் வேறு. ஓட்டையை அடைக்கிற மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியுமா?

இந்த ஐப்பசியில் வேறொரு பட்டறையில் டேஷ்போர்டைப் பிரிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கிளிப் உடைந்தது. பள்ளத்தில் இறங்கினால் டேஷ்போர்டு கொஞ்சம் கடகடக்கிறது. இருக்கட்டும். கழற்றிய பழைய கோரைத் திண்ணையில் வைத்துத் தட்டினேன். ஒரு கைப்பிடி மஞ்சள் சேறு கொட்டியது.