சென்ற மார்கழியில் சென்னையில் ஒரு சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். பாடியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். எனக்குப் பின் வரிசையில் இருந்த இருவரும் அவருடைய பரம ரசிகர்களாம்; ஒருவருக்கொருவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். மேடையில் தோடி ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. பின் வரிசையில், அந்த அம்மாளின் இல்வாழ்க்கை ஏன் முறிந்தது என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நடுநடுவே "ஆஹா!" வேறு. கச்சேரி முடிந்ததும் இருவரும் மேடைக்கு ஓடினார்கள். ஒருவர் காலில் விழுந்தார். மற்றவர், கேட்காமலே தோளோடு தோள் உரச நின்று, போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் சிரித்தார். வேறு என்ன செய்வார், பாவம்!

"ரசிகனுக்கு அவ்வளவு உரிமைகூடக் கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக உண்டு. சுருதி விலகியது என்று சொல்லுங்கள். தாளம் தவறியது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள். (தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காண்டீனுக்குக் கிளம்பும் வழக்கத்தை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். மிருதங்க வித்வான் என்ன, உங்களை வழியனுப்பவா வாசிக்கிறார்?) ஆனால் வாங்கின டிக்கெட்டு பாட்டுக்கு மட்டுந்தான். பாடுகிறவரின் வீட்டுக் கதவைத் திறக்க அது சாவி ஆகாது.

என் தாத்தா எம். கே. தியாகராஜ பாகவதரின் பக்தர். 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்பதற்கு அவரிடம் கணக்கே இல்லை. தாத்தா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தோம். பாகவதரின் படம் இருந்தது. அதற்கு அடியில், ஒழுங்காக மடித்து, 'இந்து நேசன்' பத்திரிகைகள் நாலைந்து இருந்தன.

இந்தக் காலத்து வாசகர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. லட்சுமிகாந்தன் என்பவர் நடத்திய பத்திரிகை அது. நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றது. முன்பு அவர் நடத்திய 'சினிமா தூது'வை எதிர்த்துப் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள், அது நின்றது. உடனே இது முளைத்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டு மாண்டார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். வழக்கு பிரிவி கௌன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலை கிடைத்தது. பாகவதருக்குப் பழைய மவுசு அப்புறம் திரும்பவே இல்லை. 1959-ல் நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டார்.

கொன்றவர் யார் என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. காசு கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் யார்? அதுதான் என் கேள்வி. பாகவதரைப் பிடிக்காதவர்களா? பிடிக்காத மனிதரின் வீட்டு விஷயத்தில் யாருக்கு ஐயா அவ்வளவு அக்கறை? சாட்சாத் ரசிகர்கள்தான் வாங்கினார்கள். என் தாத்தா வாங்கினார். மடித்து, பத்திரப்படுத்தவும் செய்தார்.

இன்றைக்கு ஒரு லட்சுமிகாந்தன் தேவையில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆளுக்கொரு பத்திரிகை நடக்கிறது. பாடகி போட்டிருந்த வைரத்தோடு யார் கொடுத்தது, முகத்தில் ஏன் அந்தச் சுருக்கம், தனியாக வந்தாரே ஏன் என்றெல்லாம் விசாரணை. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வித்வானை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லும் அதே வாயில், வித்வாம்சினி மட்டும் 'அவள்' ஆகிவிடுகிறாள். நாட்டியமாடுகிறவளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனையும் பேசிவிட்டு, "எல்லாம் ஒரு அபிமானத்தில் சொல்வதுதான்" என்பார்கள். அபிமானமாம்!

இவ்வளவு கோபப்படுகிறவன் அன்றைக்குப் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்து, "சற்றுப் பேசாமல் இருங்கள்" என்று சொன்னேனா? சொல்லவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்; அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. தோடிக்கு அப்புறம் அந்த அம்மாள் என்ன கிருதி பாடினார் என்று இப்போது என்னைக் கேட்டால் தெரியாது. அவருடைய முன்னாள் கணவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள், சொல்கிறேன்.