எண்ணாது விட்ட கோல்கள்

முன்னாளில் நம் பகுதிச் சூட்டுக்களங்களிலே நெல்லை மரைக்காலால் அளந்தவர்கள், ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணியே சாக்கிற் கொட்டினர். உழவனின் உழைப்புக்கு அவ்வெண்ணே சான்று. விளையாட்டு வீரனின் உழைப்புக்கும் அத்தகைய சான்று வேண்டாமோ?

பனித்தரை ஹொக்கி வெயில் நாட்டவராகிய நமக்குப் புதிது. காலணியிற் கத்தி பொருத்தி, உறைந்த தரையிற் சறுக்கியோடி, பந்துக்குப் பதிலாக வட்டவில்லையை வலைக்குள் அடிக்கும் ஆட்டம் அது. அதில் இடப்புற முன்வரிசை வீரர் ருசியரான அலெக்சாண்டர் ஒவெச்கின். 2005ஆம் ஆண்டில் வாஷிங்டன் அணிக்கு ஆடத் தொடங்கிய அவர், 2025 ஏப்ரல் 6ஆம் நாள் தமது 895ஆவது கோலை அடித்து, வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்னும் எல்லையைக் கடந்தார். அக்கோல்கள் எந்நாளில், எத்தனையாம் நிமிடத்தில், எவர் துணையால் விழுந்தன என்பதெல்லாம் ஏட்டில் உள்ளன.

இனி, தரை ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையை நோக்குவோம். 1968இல் புனே நகரையடுத்த கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். ஒடிந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி ஆடப் பழகியவர். 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக 339 ஆட்டங்கள் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம் கண்டார். 1998இல் அவர் தலைமையிலேயே இந்தியா, 32 ஆண்டுகளின் பின் ஆசிய விளையாட்டில் ஹொக்கித் தங்கம் வென்றது. அவர் அடித்த கோல்கள் எத்தனை? ஏறத்தாழ 170 என்பர். ஹொக்கிச் சம்மேளனம் அதற்கு முறையான கணக்கு வைத்திலது.

‘கலையை எண்ணால் அளக்கலாமோ? கண்டவர் நெஞ்சில் நிற்பதே புகழ்’ என்பார் உளர். கண்டவரும் ஒருநாள் மறைவர் அன்றோ? எழுதிய ஏடுகளே செல்லரித்து எத்தனையோ நூல்களை இழந்தோம். எழுதாதது எங்ஙனம் நிலைக்கும்? செல்வாக்குடையானுக்குப் பரிந்து பேசப் பலர் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ அவன் ஈட்டிய எண்ணே முதுசொம்.

பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன் ஓட்டப் பந்தய வெற்றிகளுக்குச் சான்று கேட்டு வந்தான். அவன் ஓடியதை என் கண்கள் அறியும். பாடசாலை ஏட்டிலோ ஒரு வரியும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினான். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆசிரிய நண்பர்களே, மைதானத்துக்கு மணியடித்ததும் விசிலோடு ஒரு கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.