கூடம் கோணலா?

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து மடல் ஒன்று வந்தது. அவர் அப்பொழுது அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்துத் தலைநகராகிய லிங்கனில் வாழ்ந்தார். அங்குள்ள சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகவும், இளமாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தும் உதவியாசிரியராகவும் இருந்தார். உடல்நலம், குளிர், சமையல் யாவும் எழுதிய பின்னர், "ஐயா, இங்கே சர்வகலாசாலையின் உதைபந்தாட்டக் குழு தோற்றுக்கொண்டேயிருக்கிறது. நான்கு உதவிப் பயிற்சியாளர்களை ஒரே நாளில் விலக்கிவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் இருக்கிறார். இது நியாயமா?" என்று கேட்டிருந்தார். அதன் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அன்று நாம் அவருக்குப் பட்டும் படாமலும் ஒரு பதில் எழுதி ஒதுங்கிக்கொண்டோம். பின்பு நடந்தவற்றைக் கண்டபோது, அவர் கேட்ட கேள்வி ஓர் ஆட்டத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது புலப்பட்டது. ஆதலின் இவ்வாரம் அதனை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது நம் மைதானங்களில் நாம் காணும் ஆட்டமன்று. றகர் ஆட்டத்துக்கு உறவானது. பந்து நீள்வட்ட வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். களத்தில் நிற்போர் பக்கத்துக்குப் பதினொருவரே. ஆயினும் பந்தை முன்னே கொண்டுசெல்வதற்கு ஒரு பதினொருவர், எதிரியைத் தடுப்பதற்கு வேறொரு பதினொருவர், பந்தை உதைக்கும் வேளைக்கு மற்றுமோர் அணி என வகுத்திருப்பதால், பெரிய சர்வகலாசாலைக் குழுவொன்றில் நூறு மாணவர் வரையில் இருப்பர். இத்தனை பேரையும் ஒருவர் பயிற்றுதல் இயலாது. ஆகவே தலைமைப் பயிற்சியாளரின் கீழ் உதவிப் பயிற்சியாளர் பலர் உளர். அவர்களின் தொகை 2018ஆம் ஆண்டில் ஒன்பதிலிருந்து பத்தாக உயர்த்தப்பட்டது. அவருள் ஒருவர் தாக்குதலுக்குப் பொறுப்பாளர். ஒருவர் தடுப்புக்குப் பொறுப்பாளர். ஏனையோர் ஓடுவோர், பந்தை ஏற்போர், முன்வரிசையில் நின்று மோதுவோர் என ஒவ்வொரு பிரிவினர்க்கும் ஆசான்கள்.

இவ்வுதவியாளரின் பணி மைதானத்தோடு முடிவதில்லை. பதினேழு வயதுப் பையனின் வீட்டைத் தேடிச் சென்று, அவன் தாயின் முன்னே அமர்ந்து, "உங்கள் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்ளுவோம்" என்று சொல்லி அழைத்து வருபவர் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளரே. பையன் சர்வகலாசாலையின் பெயருக்காக வருவதிலும் பார்க்க அந்த மனிதரை நம்பி வருவதுண்டு. அவர் விலக்கப்பட்டால் அவருடைய குடும்பம் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பாடசாலை மாற்றி, வேறு மாநிலம் செல்லும். அவரை நம்பி வந்த மாணவனோ அங்கேயே நிற்பான். வேறு சர்வகலாசாலைக்கு மாறினால் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2021ஆம் ஆண்டிலேயே முதல் மாற்றத்துக்கு அத்தடை நீக்கப்பட்டது.

இனி நெபிராஸ்காவின் கதைக்கு வருவோம். இருபது இலட்சம் மக்கள் மட்டில் வாழும் அம்மாநிலத்தில் உதைபந்தாட்டம் திருவிழாவைப் போன்றது. லிங்கன் நகர் மைதானத்தில் 1962ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அனுமதிச் சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்பது அவ்வூரார் பெருமையுடன் சொல்லும் செய்தி. 1997ஆம் ஆண்டில் தேசிய முதன்மையைப் பகிர்ந்துகொண்ட குழுவில் பந்தை நடத்திய வீரர் ஸ்கொட் புரொஸ்ற் என்பவர். அவர் பின்னர்ப் பயிற்சியாளராகி, 2017ஆம் ஆண்டில் மத்திய புளொரிடா சர்வகலாசாலைக் குழுவைப் பதின்மூன்று ஆட்டங்களிலும் தோல்வியின்றி நடத்தினார். ஊர்ப் பிள்ளை திரும்பி வருகிறான் என்று நெபிராஸ்கா மக்கள் மகிழ்ந்து அவரை வரவேற்றனர்.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 2018இல் வெற்றி 4, தோல்வி 8. மறு ஆண்டு 5, 7. தொற்றுநோயாற் குறுகிய 2020ஆம் ஆண்டில் 3, 5. 2021இல் 3, 9. இதில் நெஞ்சை வருத்துவது யாதெனின், 2021ஆம் ஆண்டின் ஒன்பது தோல்விகளும் பத்துக்குக் குறைந்த புள்ளி வித்தியாசத்தால் நேர்ந்தவை என்பதே. மயிரிழையில் தவறும் குழுவைப் பார்ப்போர்க்கு, "இங்கே ஓர் ஆணியைத் திருகினாற் போதும்" என்ற எண்ணம் எழுதல் இயல்பு. அவ்வாண்டு நவம்பர் 8ஆந் தேதி, இன்னும் இரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில், தாக்குதற் பகுதியைச் சேர்ந்த நான்கு உதவியாளர் விலக்கப்பட்டனர். அவருள் மூவர் புளொரிடாவில் அந்தத் தோல்வியறியாக் குழுவை ஆக்கிய காலத்திலும் அவருடன் நின்றவர்கள். ஆசிரியர் தம்மோடு அழைத்து வந்த தோழர்கள் போயினர், ஆசிரியர் எஞ்சினார்.

புரொஸ்ற் யாதும் இழக்கவில்லை என்று சொல்லுவது நேர்மையாகாது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 50 இலட்சம் டொலரிலிருந்து 40 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. ஆட்டத்தின்போது உத்திகளைத் தெரிந்து கட்டளையிடும் பொறுப்பையும், பிற்ஸ்பேக் சர்வகலாசாலையிலிருந்து அழைக்கப்பட்ட அநுபவசாலியாகிய மார்க் விப்பிள் என்பவரிடம் ஒப்படைத்தார். புதிய முகங்கள், புதிய நம்பிக்கை.

2022 ஓகஸ்ட் 27ஆந் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் நோர்த்வெஸ்ரேண் சர்வகலாசாலையுடன் முதல் ஆட்டம். நெபிராஸ்கா 28க்கு 17 என முன்னணியில் நின்றது. புள்ளி ஈட்டிய குழு பந்தை எதிர்ப்பக்கத்தார்க்கு நெடுந்தூரம் உதைத்துக் கொடுத்தல் வழக்கம். அவ்வாறு செய்யாது, சிறுதூரம் உதைத்துத் தாமே மீண்டும் கைப்பற்றும் சூழ்ச்சியைப் புரொஸ்ற் கட்டளையிட்டார். பந்து எதிரியின் கையில் வீழ்ந்தது. ஆட்டத்தின் போக்கும் மாறிற்று. முடிவு 31க்கு 28, நெபிராஸ்கா தோற்றது. அந்த உதை தம்முடைய தீர்மானமே என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயின் அதே வேளையில், தாக்குதற் பகுதியை நடத்துவோர் இன்னும் சற்றுக் கற்பனைத் திறனோடு செயற்பட வேண்டும் என்றும் பத்திரிகையாளரிடம் சொல்லிவைத்தார். புதிய உதவியாளருக்கு அது முதலாவது ஆட்டம்! பழைய நால்வர் மேல் விழுந்த பழி, முதல் நாளிலேயே புதியவரையும் தொட்டுவிட்டது.

இரு வாரங்களின் பின் ஜோர்ஜியா சதேண் சர்வகலாசாலையிடம் 45க்கு 42 எனச் சொந்த மைதானத்தில் தோல்வி. மறுநாள், செப்ரெம்பர் 11ஆந் தேதி, புரொஸ்ற் விலக்கப்பட்டார். ஒக்ரோபர் முதலாந் தேதி வரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டொலர் பாதியாகியிருக்கும். சர்வகலாசாலை அதற்கும் காத்திருக்கவில்லை. அவர் நடத்திய ஆட்டங்கள் 47, வெற்றி 16.

அப்படியாயின் உதவியாளரை மாற்றுதல் எப்பொழுதும் வீண் முயற்சியா? அன்று. இந்தியானா மாநிலத்து நோட்டர்டேம் சர்வகலாசாலையின் கதை வேறு வகையானது.

2016ஆம் ஆண்டில் அக்குழு முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றைத் தோற்றது. நான்காவது ஆட்டத்தில் டியூக் சர்வகலாசாலை 38 புள்ளிகள் ஈட்ட, நோட்டர்டேம் 35 பெற்றும் தோற்றது. தலைமைப் பயிற்சியாளர் பிரயன் கெலி மறுநாளே தடுப்புப் பகுதியின் பொறுப்பாளரை விலக்கினார். ஆயினும் அந்த ஆண்டு மீளவில்லை. எஞ்சிய எட்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மொத்தம் 4க்கு 8. பருவத்தின் நடுவே ஆளை மாற்றுவது, பரீட்சைக்கு முதல்வாரம் பாடப்புத்தகத்தை மாற்றுவது போன்றது. புதிய முறையைக் கற்பிக்க நாளில்லை. பழையதில் மாணவர்க்கு நம்பிக்கையில்லை.

ஆண்டு முடிந்த பின்பே கெலி உண்மையான திருத்தத்தைத் தொடங்கினார். தடுப்புக்கு வேக் பொறெஸ்ற் சர்வகலாசாலையிலிருந்து மைக் எல்கோவையும், தாக்குதலுக்கு மெம்பிஸ் சர்வகலாசாலையிலிருந்து சிப் லோங்கையும் அழைத்தார். உடற்பயிற்சிக்கும் புதியவரை அமர்த்தினார். அவ்வளவில் நிற்கவில்லை. மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, குழுவில் நேர்ந்த பிழை யாது என்று கேட்டறிந்தார். களத்தில் உத்திகளைக் கட்டளையிடுவதை லோங்கிடம் விட்டு, தாம் மாணவரோடு செலவிடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டார். 2017இல் வெற்றி 10, தோல்வி 3. எல்கோ ஓராண்டிலேயே வேறிடம் சென்றார். ஆயினும் குழு தளரவில்லை. அவரோடு வந்திருந்த கிளார்க் லீ அவ்விடத்துக்கு உயர்த்தப்பட்டார். 2018இல் பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் வெற்றி பெற்று, தேசிய முதன்மைக்கான அரையிறுதி வரை நோட்டர்டேம் சென்றது. அங்கே கிளெம்சனிடம் தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு சர்வகலாசாலைகள், இரண்டிலும் தோல்வி, இரண்டிலும் உதவியாளர் மாற்றப்பட்டனர், இரண்டிலும் தலைவர் ஓரளவு அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். வேற்றுமை எங்கே? ஒருவர் தம் கீழுள்ளவர்களிடம் தம் குறையைக் கேட்டறிய அமர்ந்தார். மற்றவர், பொறுப்பை ஒப்படைத்த பின்னரும் பழியைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கினார். வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, தக்கவனை ஆராய்ந்து தெரிந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிடுமாறு பணித்தார். விட்டுவிடுதல் என்பதில், அவனுக்குத் துணையாக நிற்றலும் அடங்கும் என்பது நம் கருத்து.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில வேளைகளிற் கூடம் மெய்யாகவே கோணலாயிருக்கும். அப்பொழுது அதனைத் திருத்துவதே முறை. தகுதியற்ற ஆசானை இரக்கத்தின் பொருட்டு வைத்திருத்தல் மாணவர்க்குச் செய்யும் அநீதி. ஆயின் கூடத்தை இடிக்குமுன் ஒருமுறை தன் காலைப் பார்த்துக்கொள்ளுதல் ஆடுபவளின் கடன்.

இனி, மடலின் கடைசி வரி. "நம் குழு தோற்ற ஆண்டில் நம்மோடு நின்ற அந்த ஆசிரியரை இன்று நினைத்துக்கொண்டேன், ஐயா" என்பதே அது.

பல்லாண்டுகளுக்கு முன் நாம் ஒரு கல்லூரியில் உதைபந்தாட்டக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தோம். மடல் எழுதியவர் அக்குழுவிற் பின்காவலர். நமக்கு உதவியாகப் புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் மாலையில் வெயில் சாயும்வரை பையன்களோடு ஓடியவர் அவரே. குழு அடுத்தடுத்துத் தோற்றபோது, அதிபரின் அறையிற் கூடிய கூட்டத்தில், "பயிற்சி போதாது" என்று நாம் சொன்னோம். அவர் விலக்கப்பட்டார். ஒன்றும் பேசாமல், ஊதுகுழலை அதன் கயிற்றிற் சுற்றி நம் மேசைமேல் வைத்துச் சென்றார். உண்மை என்னவெனில், குழுவைத் தெரிவு செய்தவர் நாம். எவன் எங்கே ஆடுவது என்று முடிவு செய்தவர் நாம். வாரத்தில் மூன்று நாள் மைதானத்துக்கு வராதிருந்தவரும் நாமே. அடுத்த ஆண்டு புதிய உதவியாளர் வந்தார். அடுத்த ஆண்டும் தோற்றோம்.

நெபிராஸ்காவின் கதை முடிந்த பிறகு அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். "அது பழைய கதை, விடுங்கள்" என்று பதில் வந்தது. அதன்பின் ஒரு பக்கம் முழுவதும், அக்குழுவிலிருந்த பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "இப்பொழுது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டிருந்தார். அவருள் நால்வரின் பெயரை நாம் மறந்துபோயிருந்தோம்.

பெற்றோர்களே, பிள்ளையின் புள்ளி குறைந்தவுடன் ரியூசன் ஆசிரியரை மாற்றுகிறோம். மாற்ற வேண்டியும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு மாலை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, "என்னால் நேர்ந்த குறை ஏதும் உண்டா?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் கசக்கும். அந்தக் கசப்பை விழுங்கிய பின் செய்யும் மாற்றமே பலன் தரும்.