கோலும் பாம்பும்

கோலைப் பாம்பாக்கும் மந்திரம் இருக்கிறதென்று, மகனின் விளையாட்டு நூலைத் தீயிலிட்டார் சமயபுரத்து அன்பர் ஒருவர். நாம் வருந்தினோம். 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அக்கற்பனை விளையாட்டில், குருவாக வேடமேற்பவருக்கே அம்மந்திரம் உரியது.

அக்காட்சி நமக்குப் புதிதன்று. விடுதலைப் பயண நூலின் 7-ஆம் அதிகாரத்தில் உள்ளதே! ஆரோனின் கோல் பாம்பாயிற்று. எகிப்திய மந்திரவாதிகளும் அவ்வாறே செய்தனர்; அவர்தம் கோல்களை ஆரோனின் கோல் விழுங்கிற்று. பார்வோன் மனம் இளகினானா? செங்கல் அறுத்த அடிமைகளை விடுவித்தானா? இல்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பின்னும், தமிழகச் செங்கற்சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டோர் மீட்கப்பட்டு வந்துள்ளனர். அதற்கு நடுங்காத நாம், பிள்ளைகள் உருட்டும் பகடைக்கு நடுங்குவதேன்? அன்பர்களே, கடினப்பட்ட நெஞ்சமன்றோ நாம் அஞ்சவேண்டிய நச்சரவம்!