சுவருக்கு வெப்பத் தடுப்பு: காசு கொடுக்குமுன் யோசியுங்கள்

தோட்டப்புறத்து வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் புழுக்கம் அதிகம் என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே காற்று குளிர்ந்துவிடுகிறது. உள்ளேயோ சுவரில் கை வைத்தால் சுடுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பிரட்டுக்குப் போகவேண்டிய மனுஷன், தூக்கம் வரவேண்டிய நேரத்தில் பாயைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்கு வருகிறான். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார் பாடு இன்னும் மோசம்.

ஆகவே, "சுவருக்கு ஏதாவது அடித்தால் சூடு குறையுமா அண்ணே?" என்று தொழிலாளத் தோழர்கள் நம்மிடம் கேட்பதில் வியப்பில்லை. போனஸ் பணம் கையில் வந்ததும் விற்பனைக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். வெள்ளை ஃபோம் பலகையைக் காட்டி, சதுர அடிக்கு இவ்வளவு, வீடு முழுக்க அடித்தால் தள்ளுபடி என்கிறார்கள். வீடு முழுக்க அடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பதே நமது முதல் பேச்சு.

நம் வீடுகள் ஒரே நாளில் கட்டி முடிந்தவை அல்லவே! முன்பகுதி நிர்வாகம் கட்டியது: கீழே செங்கல், மேலே பலகை, அல்லது முழுவதும் ஒற்றைச் செங்கல். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனபோது பக்கத்தில் ஓர் அறை இழுத்தோம். பிறகு பின்னால் குசினி. அதற்கும் பின்னால் குளியலறை. கிடைத்த தகரம், கிடைத்த பலகை, அந்தந்த வருஷத்துக் காசு. ஒரே வீட்டில் மூன்று நான்கு விதமான சுவர்கள். செங்கல்லுக்கு ஏற்ற வைத்தியம் தகரத்துக்கு ஏற்காது. பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்கும் பொதுச் சுவரில் வெயிலே படுவதில்லை. அதற்கு ஒரு காசு செலவழித்தாலும் வீண்தான். ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்து, அறை இழுத்த பிறகு உள்சுவராகிப் போனதற்கும் அதே கதைதான்.

எந்தச் சுவர் குற்றவாளி என்று கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. நல்ல வெயில் நாளில் காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சுவரின் உட்புறத்திலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தீபகற்ப மலேசியா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 1 பாகையிலிருந்து 7 பாகைக்குள் கிடக்கிறது. சூரியன் வருஷம் முழுக்க நடு உச்சியை ஒட்டியே போகிறது. அதனால் முதல் அடி கூரைக்கு. அடுத்த அடி கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும். வடக்கும் தெற்கும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்; இரண்டு மூன்று அடி இறவாணம் இருந்தால் போதும்.

மேற்குச் சுவர் செங்கலாக இருந்தால் அதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. செங்கல் வெயிலை உடனே உள்ளே விடாது. குடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் கக்கும். பிற்பகல் நாலு மணி வெயில் ஏழு மணிக்கு வீட்டுக்குள் வருகிறது. நாம் படுக்கப் போகும் நேரமும் அதுதான். தகரச் சுவர் அப்படியல்ல. வெயில் பட்ட நிமிஷமே உள்ளே கொதிக்கும், சூரியன் சாய்ந்தால் ஆறிவிடும். ஆகையால் படுக்கை அறை மேற்குச் செங்கல் சுவரை ஒட்டியிருந்தால், பணம் செலவழிக்குமுன் படுக்கையை வேறு பக்கம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். இது இலவசம்.

சுவரைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் கூரையைப் பற்றிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சீலிங் இல்லாத தகரக் கூரையை வைத்துக்கொண்டு சுவருக்கு எதை அடித்தாலும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். கையில் இருப்பது ஒரு வேலைக்கு மட்டும் போதும் என்றால் அது கூரைக்கே போகட்டும்: தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள், அதற்குக் கீழே சீலிங். பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். தாள் தகரத்தோடும் சீலிங்கோடும் ஒட்டிக் கிடந்தால் பாதிக்கு மேல் பயனில்லை. இதை விற்பவர் சொல்வதில்லை.

இனி சுவர். வெயில் படும் செங்கல் சுவருக்கு முதலில் வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அப்புறம் நிழல். நாலடி தள்ளிப் பந்தல் போட்டு அவரையோ பாகலோ ஏற்றிவிட்டால் சுவரும் குளிரும், குழம்புக்கும் ஆகும். நம் பாட்டிமார் ஏட்டுப் படிப்பில்லாமல் செய்த காரியம் இது. வாழையும் நல்லதுதான், ஆனால் சுவரை ஒட்டி நடாதீர்கள், ஈரம் இழுக்கும். இந்த இரண்டையும் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகும் சூடு தாங்கவில்லை என்றால்தான் பலகையும் பஞ்சும்.

தகரச் சுவருக்கும் ஒற்றைப் பலகைச் சுவருக்கும் உட்பக்கம் இரண்டாவது சுவர் ஒன்று எழுப்புவதே சரி. இரண்டு அங்குலச் சட்டம் அடித்து, மேலே சிமெண்டுப் பலகை. நடுவில் வெறும் காற்று இருந்தாலே கணிசமாகக் குறையும். இன்னும் வேண்டுமென்றால் ராக்வூல் எனப்படும் கல்பஞ்சை நடுவில் வையுங்கள். கல்லை உருக்கி நூலாக்கியது அது, தீப்பிடிக்காது. நனைந்தால் மட்டும் பயன் போய்விடும், அரிப்பும் கொடுக்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். மழைத் தண்ணீர் வழியும் தகரமாக இருந்தால் முதலில் ஓட்டையை அடையுங்கள்.

வெள்ளை ஃபோம் பற்றி நாம் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம்: குசினிச் சுவரில் வேண்டவே வேண்டாம். விலை மலிவு, எடை குறைவு, சூட்டையும் தடுக்கும், எல்லாம் சரி. ஆனால் தீப்பட்டால் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் எரியும், கரும்புகை நச்சுப் புகை. கேஸ் அடுப்பும் கேஸ் தோம்பும் இருக்கிற இடத்தில், பலகையும் பழைய வயரும் சூழ்ந்த வீட்டில், வரிசையாகப் பத்துக் குடும்பம் ஒட்டி வாழும் லயத்தில் இதைத் திறந்தபடி ஒட்டி வைப்பது என்ன நியாயம்? 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதுவும் பழைய கட்டடம். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிச் சுவரின் வெளியே தீப்பிடிக்கும் பலகையும் ஃபோமும் போர்த்தியிருந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களில் சிலர் ஆபத்து வரும் என்று முன்கூட்டியே எழுதி எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. அந்த விஷயம் தோட்டத்துக்காரர்களான நமக்குப் புரியாததல்ல.

கம்பிகளையும் கவனியுங்கள். நீட்டிக் கட்டிய அறைக்கு மின்சாரம் பெரும்பாலும் பழைய வீட்டிலிருந்து இழுத்ததுதான். அந்த வயரைப் பஞ்சுக்குள் புதைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வயர் கொதிக்கும். ஃபோம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தாலோ வயரின் பிளாஸ்டிக் உறையே கெட்டுப்போகும். சுவரை மூடுமுன் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு குழாய்க்குள் கம்பியை மாற்றிக்கொள்ளுங்கள். சுவரின் அடிப்பாகம் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அதையும் மூடாதீர்கள். மூடினால் உள்ளே பூஞ்சணமும் கரையானும் குடும்பம் நடத்தும். மேலே காற்றுப் போகிற துவாரங்களையும் அடைத்துவிடாதீர்கள். ஏர்கான் இல்லாத வீட்டுக்கு அந்தத் துவாரம்தான் மூச்சு.

இன்னொன்று, இதுதான் நமக்குப் பெரிய கவலை. பழைய வீடுகளில் கூரையிலோ சீலிங்கிலோ சுவரிலோ சாம்பல் நிறத்தில் இருக்கும் அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். உடையாமல் கிடக்கும்வரை அதை அப்படியே விட்டு வைப்பது மேல். அறுப்பது, துளை போடுவது, துடைப்பத்தால் காய்ந்த தூசியைக் கூட்டுவது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடைத்து இறக்குவது, இவை எதுவும் கூடாது. கழற்றத்தான் வேண்டுமென்றால் அது நிர்வாகம் தகுதியுள்ள ஆட்களைக் கொண்டு செய்யவேண்டிய வேலை. புதிதாகச் சிமெண்டுப் பலகை வாங்கும்போதும், ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று எழுதியிருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

நிர்வாகம் என்று சொன்னதும் சிலர் சிரிக்கலாம். "பைப்பு உடைஞ்சதுக்கே மூணு மாசமாச்சு, இதுக்கா வரப் போறாங்க?" கேள்வி நியாயம்தான். ஆனால் வீடு யாருடையது? நாம் ஓய்வு பெற்றுப் போகும்போது, நம் கைக்காசில் கட்டிய அறைக்கும் அடித்த பலகைக்கும் யாராவது பணம் எண்ணித் தருகிறார்களா? 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, குடியிருப்பை நல்ல நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தி மற்றத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரித்தார்கள். ஆகவே ஓட்டைத் தகரம், இடிந்த சீலிங், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இவையெல்லாம் நம் போனஸில் கழியவேண்டிய கணக்கல்ல. நாமாக இழுத்துக் கட்டிய பகுதி வேறு விஷயம். அதில் கை வைக்குமுன் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். கிராணி வாயால் சொன்ன அனுமதி, கிராணி மாற்றலாகிப் போனதும் காற்றோடு போய்விடும்.

தனித்தனியாகப் போய் ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள். ஒரு லயத்தில் மேற்கு வெயில் ஒரு வீட்டுக்கு மட்டும் அடிப்பதில்லை. எந்தெந்த வீடு, எந்தச் சுவர், சீலிங் உண்டா இல்லையா, ஆஸ்பெஸ்டாஸ் போல ஏதாவது உடைந்திருக்கிறதா என்று ஒரே தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிளைச் செயலாளர் மூலம் நிர்வாகிக்குக் கொடுங்கள். தேதி போட்ட நகல் ஒன்று கிளையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். இதற்கிடையில் சுண்ணாம்பும் அவரை விதையும் வாங்க அதிகக் காசு ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம்.