கட்டணத்தை ஏற்றினால் வெட்டி வழக்கு ஒழியுமா?

நீதிமன்றக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினால்தான் வெட்டி வழக்குகள் ஒழியும் என்று அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அடித்துச் சொன்னார். பக்கத்து இலைக்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள் மத்தியில் இந்த நம்பிக்கை இத்தனை ஆழமாக வேரோடியிருப்பது வேதனை.

பிரிட்டன் இதைச் செய்தே பார்த்துவிட்டது. வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட 2013 ஜூலை வரை அங்கே காசு கிடையாது. அமைச்சர் போட்ட ஓர் ஆணையால் கட்டணம் வந்தது. விசாரணை வரை போனால் சம்பள பாக்கி கேட்பவருக்கு 390 பவுண்ட். அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு 1,200 பவுண்ட். 300 பவுண்ட் பாக்கிக்காக 390 பவுண்டை முதலில் எடுத்து வைக்க எந்தத் தொழிலாளி துணிவார்?

மனுக்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்தன. ஓடிப்போனவை வெட்டி வழக்குகள்தான் என்றால், மிஞ்சியவற்றில் ஜெயித்தவர்களின் விகிதம் கூடியிருக்க வேண்டுமே! அது குறைந்தது. நியாயம் உள்ளவர்களையும் அல்லவா வாசலிலேயே விரட்டியிருக்கிறார்கள்!

யூனிசன் தொழிற்சங்கம் வழக்காடியது. 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆணையைச் செல்லாது என்றார்கள். நீதிமன்றத்தை நாடுவது அரசியலமைப்பு தரும் உரிமை. அமைச்சரின் ஆணை அதன் குறுக்கே நிற்க முடியாது. குடும்பத்தின் நியாயமான அன்றாடச் செலவைச் சுருக்கித்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால், அது கட்டக்கூடிய கட்டணமே அல்ல என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரீட் பிரபு.

வழக்கால் லாபம் வழக்காடியவருக்கு மட்டும்தான் என்ற வாதத்தையும் அவர் விடவில்லை. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கஃபேயில், இஞ்சி பீர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்ததாக வழக்குப் போட்டாரே மே டோனஹ்யூ, அவரை நினைவூட்டினார். தாம் பரம ஏழை என்று சத்தியம் செய்து கொடுத்துத்தான் அந்தப் பெண் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போனார். பொருளைத் தயாரிப்பவர் நுகர்வோர் விஷயத்தில் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்று 1932இல் கிடைத்த அந்தத் தீர்ப்பின் பலனை உலகமே அனுபவிக்கிறது. கட்டணம் கேட்டிருந்தால் டோனஹ்யூ வீட்டோடு இருந்திருப்பார். அந்த ஏழைப் பெண்ணின் வழக்கை வெட்டி வழக்கு என்பாரா பந்தி அதிகாரி?

இங்கே மட்டும் என்ன? கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்றும் வங்கியை எதிர்க்க, கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டு என்றது சர்ஃபேசி சட்டம். மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகும் கடன்தாரர் இன்றும் பாதித் தொகையைக் கட்டியாக வேண்டும்; தீர்ப்பாயம் மனம் வைத்தால் கால் பங்கு. வீடே ஜப்தியில் இருப்பவன் அந்தக் கால் பங்குக்கு எங்கே போவான்? அந்தப் பிரிவையும் தூக்கியாக வேண்டும்.