முதல் பத்து நாள்

மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை வாங்கி வளர்ப்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். நாலு மீன் செத்தால் கடைக்குப் போய் ஆறு மீன் வாங்கிவருவார்கள். தன் தொட்டியில் பொரிந்த குஞ்சு பெரிதாகி, அதுவும் முட்டையிட்டதைப் பார்த்தவர்கள் சிலர்தான். பார்க்க ஆசைப்பட்டு யார் கேட்டாலும் நான் கைகாட்டும் மீன் ஒயிட் கிளவுட். கெண்டைக்கு உறவான பொடி மீன். முழுதாக வளர்ந்தாலே நாலு சென்டிமீட்டர்தான். கப்பி மாதிரி குட்டி போடாது, முட்டையிடும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான மீன் கிடையாது. கடையில் விற்கும் மீன்களில் பாதிக்கு மேல் வெப்பநாட்டு மீன்கள். மலைக் குளிருக்கு ஹீட்டர் கேட்கும், கரண்ட் போனால் சுருண்டுவிடும். ஒயிட் கிளவுடுக்குப் பிடித்ததே 18 முதல் 22 டிகிரிதான். சமவெளி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது இது வாடிவிடும். சென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் ஜீப்ரா டேனியோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது போட்ட முட்டையைப் போட்ட கையோடு தின்றுவிடும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பும்படி செய்ய வேண்டும்.

ஒயிட் கிளவுடின் பூர்வீகம் தென் சீனா. குவாங்சௌ நகரை ஒட்டிய பையூன் மலையின் ஓடைகளில் இதைக் கண்டெடுத்தவர் டான் என்ற சாரணர் தலைவர். லின் ஷூ-யென் 1932இல் இதை விவரித்து எழுதி, டானின் பெயரையே மீனின் பேரினத்துக்கு வைத்தார். அதற்குப் பிறகு உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகிய இந்த மீன், சொந்த மலையில் அருகிக்கொண்டே வந்தது. 1980க்குப் பிறகு இருபது ஆண்டுபோல யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகு குவாங்டாங் மாகாணத்திலும் ஹைனான் தீவிலும் சிறு சிறு கூட்டங்கள் இருப்பது தெரியவந்தது. சீனாவில் இன்று அது சட்டப் பாதுகாப்பில் இருக்கும் மீன். நம்மூர்க் கடைகளில் சில்லறைக் காசுக்குப் பாலித்தீன் பையில் கட்டித் தருகிற மீனின் கதை இது. வாங்கி, சாகவிட்டு, மறுபடி வாங்குவது எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

முட்டையிட வைக்க வித்தை எதுவும் வேண்டாம். எட்டுப் பத்து மீன், ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் பாசி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் போதும். மோட்டார் ஃபில்டர் வைத்தால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஒரு வாரம் கொசுப்புழு போட்டால் பெண் மீன்களுக்கு வயிறு திரளும். ஆண்கள் துடுப்பை விசிறியாக விரித்து, ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி வந்து மிடுக்குக் காட்டும். பாசிக்குள் நாளுக்குச் சில முட்டைகளாகப் போட்டுக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்திருந்தால் முட்டைகளை அவ்வளவாகத் தொடாது. ஆனாலும் பாசியை மட்டும் எடுத்து, அதே தண்ணீர் ஊற்றிய வேறொரு சின்னத் தொட்டியில் போட்டுவிடுவதுதான் என் வழக்கம். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும்.

பொரிந்த குஞ்சை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது மீன் என்றே தோன்றாது. கண்ணாடியில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணிமை மயிர் அளவுக் கீற்று. அதன் ஒரு முனையில் இரண்டு கரும்புள்ளி. புள்ளிகள்தான் கண். மஞ்சள்கருப் பை வற்றும்வரை அது எதையும் தின்னாது. பை வற்றி நீந்தத் தொடங்கிய பிறகுதான் நம் வேலை ஆரம்பம். பெரும்பாலான குஞ்சுகள் சாவதும் இங்கேதான், அதுவும் நோயால் அல்ல, பசியால். கடையில் விற்கும் தூள் தீவனம் அந்த வாய்க்குப் பாறாங்கல். அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். கொஞ்சம் கூடிப்போனாலும் தண்ணீர் கெட்டுவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேண்டியது உயிருள்ள, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான இரை. விலங்கியல் படித்தவர்களுக்கு வைக்கோல் ஊறல் நினைவிருக்கும். அதேதான். ஒரு பாட்டிலில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஒரு பிடி வைக்கோலோ காய்ந்த கீரையோ போட்டு, வெளிச்சம் படும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் பால்போலக் கலங்கி நாறும். அது பாக்டீரியா. அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது. அந்தப் பாக்டீரியாவைத் தின்று பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் பெருகப் பெருகக் கலங்கல் தெளியும், நாற்றமும் அடங்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெண்புள்ளிகள் தாமாகவே ஊர்வது தெரியும். சொட்டுக்குழாயில் எடுத்து, நாளைக்கு மூன்று நாலு வேளை விட வேண்டும். குஞ்சு பொரிந்த பிறகு ஊறல் போட்டால் பிரயோஜனமில்லை. பாசியைப் பிரித்தெடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரம், பத்து நாள் தாண்டிவிட்டால் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் குஞ்சுகளைக் கொடுக்கலாம். டப்பாவில் விற்கும் அதன் முட்டைகளை உப்புத் தண்ணீரில் காற்று விட்டுப் பொரிக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பும் எரிய வேண்டும். பொரிந்ததைத் துணியில் வடித்து, உப்புப் போக அலசி ஊற்றினால், கால் மணி நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் ஆரஞ்சு நிறத்தில் புடைத்து நிற்கும். கண்ணாடி மாதிரி உடம்பு என்பதால் தின்றது அப்படியே வெளியே தெரியும். எது சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று எந்த உயிரும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். ஏர் பம்ப் குழாயால் அடியில் கிடக்கும் கசடை உறிஞ்சியெடுத்துவிட்டு, குளோரின் போக முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். ஒரு மாதம் போனால் கண்ணிலிருந்து வால்வரை நீலப்பச்சைக் கோடு ஒன்று ஒளிரத் தொடங்கும். பெரிய மீனில் அந்த ஒளி மங்கிவிடும். குஞ்சு வளர்த்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது.

பிழைத்துவிட்டால் சீக்கிரமே தொட்டி கொள்ளாது. கேட்கிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறேன். வாங்குபவரிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுவேன்: மீதியானால் திருப்பிக் கொடுங்கள், ஓடையில் விட்டுவிடாதீர்கள். குளிர் தாங்கும் மீன், நீலகிரி ஓடையில் பிழைத்துக்கொள்ளக் கூடியது. தொட்டிக்கென்று வாங்கிய சக்கர் மீனை இரக்கப்பட்டு வெளியே விட்டார்கள். இன்று சென்னைப் பக்கத்து ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிப்பது அதுதான். நம் ஓடைகளில் ஏற்கெனவே அங்கேயே பிறந்த பொடி மீன்கள் இருக்கின்றன. பையூன் மலையில் ஒரு மீனுக்கு நேர்ந்தது இங்கே அவற்றுக்கு நேர வேண்டாம். ஒப்புக்கொள்கிறவர்களுக்கு மீனோடு கொஞ்சம் பாசியும், ஊறல் தொடங்க ஒரு புட்டி பரமீசியத் தண்ணீரும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.